தலைமாட்டுக்கு ஓர் ஆள்

ஓடுகிற வண்டிக்காரன் எவனும் எனக்குப் போன் செய்வதில்லை. வண்டி படுத்துவிட்டால்தான் குகன் என்று ஒருத்தன் கிள்ளானில் இருப்பது ஊருக்கு ஞாபகம் வரும். அதுவும் எப்படி? ஏதோ நான்தான் அவர்கள் எஞ்சினைக் கெடுத்துவிட்ட மாதிரி, "எங்க இருக்கீங்க, இன்னுமா வரல" என்று அதட்டல் வேறு. ஜொகூரோ கிளந்தானோ, எந்த மூலையில் செத்துக் கிடந்தாலும் வண்டியைக் கேரியர் லோரியின் முதுகில் ஏற்றிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் இறக்கிவிடுவேன். ஒன்றை மட்டும் ஏற்றுவதில்லை என்று வைத்திருந்தேன். சவ வண்டி. கேட்டவனிடமெல்லாம் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவேன்.

அன்று பத்து பகாட்டில் ஒரு காரை இறக்கிவிட்டு வெறும் லோரியோடு திரும்பிக்கொண்டிருந்தேன். குரு கூப்பிட்டான். கிள்ளானில் சவ வண்டி ஓட்டுகிறவன், எனக்குப் பழக்கமானவன்.

"அண்ணே, பாகோ ஆர் அண்ட் ஆர்ல மாட்டிக்கிட்டேன். எஞ்சின் ஜாம். கிள்ளான் வரைக்கும் ஏத்தணும்."

"வெறும் வண்டிதானே?"

அவன் குரலைத் தாழ்த்தினான்.

"பெட்டி உள்ள இருக்கு அண்ணே."

வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். போன வாரம்தான் லோரிக்குப் பூசை போட்டு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி எடுத்திருக்கிறேன், அதில் முதல் வாரமே பிணமா என்று கத்தினேன். அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான்.

"நாலு மணிக்கு மின்சுடலையில நேரம் குடுத்திருக்காங்க அண்ணே. மூவார்லேர்ந்து வேற வண்டி வரும், ஆனா பெட்டிய இங்க கீழ இறக்கி மாத்தணும். செத்தவரோட மக ஒத்துக்கல. நீங்களே வந்து பேசுங்க லா."

பேசத்தான் போனேன். ஏற்றுவதற்குப் போகவில்லை.

ஆர் அண்ட் ஆர் என்கிற அந்தப் பாகோ ஓய்விடத்தில் ஒரு மரத்தடியில் வேன் நின்றது. நெடுஞ்சாலைக்காரர்கள் அங்கே வரை இழுத்து வந்து விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பக்கத்திலேயே பஸ்ஸிலிருந்து இறங்கிய கூட்டம் வாழைப்பழப் பொரியல் வாங்கித் தின்றுகொண்டிருந்தது. வேனுக்கு முன்னால் நின்ற பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். குமுதா என்று குரு சொன்னான். அழுதிருந்தாள், ஆனால் பேச்சு தெளிவாக இருந்தது.

"அம்மா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க அண்ணே. வழியில எங்கயும் இறக்காம நேரா வீட்டுக்குக் கொண்டு வா, அவரு வழியில இறங்கினதெல்லாம் போதும்னாங்க."

எனக்குப் புரியவில்லை. குரு என்னைத் தனியே தள்ளிக்கொண்டு போய் விவரம் சொன்னான். செத்தவர் பெயர் கமலநாதன். இந்தப் பெண் தொடக்கப்பள்ளியில் இருக்கும்போது ஜொகூர் பாருவுக்கு வேலைக்குப் போனவர், அங்கேயே தங்கமணி என்கிற பெண்ணோடு குடும்பமாகிவிட்டார். பிறகு கிள்ளானில் கால் வைக்கவில்லை. நேற்று அந்த வீட்டில்தான் உயிர் போனது. தங்கமணியே கிள்ளானுக்குப் போன் செய்து, காரியம் செய்கிற உரிமை உங்களுக்குத்தான், வந்து எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்லியிருக்கிறாள். பதிலுக்கு அவள் கேட்டது ஒன்றுதான். செரம்பான் வரைக்கும் கூட வரவேண்டும், அங்கே இறங்கிப் பஸ் பிடித்துத் திரும்பிவிடுவேன் என்று. அம்மாவுக்குத் தெரியாமல் குமுதா சரி என்றிருக்கிறாள்.

"இப்ப அந்த அம்மா எங்க?"

குரு வேனைக் காட்டினான். உள்ளே, பெட்டிக்குப் பக்கத்து இருக்கையில், மடியில் ஒரு துணிப்பையோடு அறுபது வயதுக்காரி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். எங்கள் பக்கம் திரும்பவில்லை.

நல்ல மனுஷன்தான், செத்த பிறகும் நாலு பேரை நடுவழியில் நிறுத்தி வைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். இப்படிப்பட்டவர்கள் மேல் எனக்கு இரக்கம் கிடையாது. முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது குமுதாவின் போன் அடித்தது.

"கிட்ட வந்துட்டோம்மா," என்று பொய் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அம்மாவுக்குப் பொட்டு வச்சி, தலை நிறைய பூ வச்சி உட்கார வச்சிட்டாங்களாம். பாதி வயசு அவரு இல்லாமலே போச்சி. இருந்தாலும் பூ வைக்காம எடுக்கக்கூடாதாம்."

பிணத்தை எடுத்த பிறகு அந்தப் பூவைக் கழற்றிவிடுவார்கள். அதற்கப்புறம் குமுதாவின் அம்மா தலையில் பூ ஏறாது. விட்டுப்போன ஒருத்தனுக்காக ஒரு மனுஷி கடைசிப் பூவை வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்ததும் என் கோபமெல்லாம் வடிந்துவிட்டது. பூசை போட்ட லோரி, எலுமிச்சம்பழம், எல்லாவற்றையும் மறந்துவிட்டு லோரியின் தளத்தைச் சாய்த்தேன்.

ஓடாத வண்டியை ஏற்றுவது பெரிய வித்தை இல்லை. தளத்தின் பின்முனையைத் தரைக்குச் சாய்த்து, வண்டியின் மூக்கில் இரும்புக் கயிற்றை மாட்டி, மெதுவாக மேலே இழுக்க வேண்டும். உள்ளே யாரும் இருக்கக்கூடாது. ஏற்றிய பிறகும் இருக்கக்கூடாது, அது சட்டம்.

குமுதா வேன் கதவருகே போனாள்.

"ஆன்டி, இறங்கணும். மேல ஆள் உட்காரக்கூடாதாம். லோரியில முன்னால மூணு பேருக்குத்தான் இடம். நான் டாக்சி கூப்பிட்டுத் தரேன், நீங்க இங்கேர்ந்தே திரும்பிப் போயிடுங்க."

தங்கமணி குரலை உயர்த்தவில்லை.

"செரம்பான் வரைக்கும்னு சொன்னம்மா. செரம்பான்ல நானே இறங்கிடுவேன்."

"அது வண்டி ஓடுனப்ப பேசினது ஆன்டி."

"இங்க நான் இறங்கினா அவரு போயிடுவாரு. இன்னும் கொஞ்சம் தூரம் இருக்கேம்மா."

நான் நடுவில் புகுந்து சத்தம் போட்டேன். போலீஸ் பிடித்தால் என் லைசன்ஸ் போய்விடும் என்றேன். அவள் பையின் காதை விரலில் சுற்றிக்கொண்டு குனிந்தே இருந்தாள். அடித்து இறக்கவா முடியும்? நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றபோது குரு தலையைச் சொறிந்துகொண்டு வந்தான்.

"அண்ணே, இன்னொரு சிக்கல். பெட்டியை நகராமப் பிடிக்கிற பூட்டு ஒடஞ்சி கிடக்கு."

எனக்கு அவனை அறையலாம் போலிருந்தது. பெட்டி உருளைகள் மேல் இருந்தது. கால் முன்பக்கம், தலை பின்கதவுப் பக்கம். வேனின் மூக்கை மேலே தூக்கினால் பெட்டி பின்னால் சரிந்து, தலை போய்க் கதவில் மோதும். பின்பக்கமாக இழுக்கலாம் என்று பார்த்தால், கயிறு மாட்டுகிற கொக்கி முன்னால் மட்டும்தான் இருந்தது. கயிற்றால் கட்டிப் பார்த்தோம். வழுவழுப்பான பெட்டியில் முடிச்சு நிற்கவில்லை.

நாங்கள் பேசுவது உள்ளே கேட்டிருக்க வேண்டும். தங்கமணி இருக்கையிலிருந்து எழுந்தாள். பெட்டியைப் பிடித்துப் பிடித்துப் பின்பக்கம் போய், தரையில் உட்கார்ந்து, முதுகைக் கதவோடு சேர்த்து, காலை இரண்டு பக்கமும் ஊன்றி, தலைமாட்டில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்துக்கொண்டாள்.

"இழுங்க தம்பி. நான் பிடிச்சிக்கிறேன்."

நான் போய் விசையை அழுத்தினேன். என் வாழ்நாளில் ஒரு வண்டியையும் அவ்வளவு மெதுவாக இழுத்ததில்லை. வேனின் மூக்கு மேலே ஏற ஏற, உருளைகள் கிறீச்சிட்டன. பெட்டியின் பாரம் முழுவதும் அந்த மனுஷியின் கைகளில் இறங்கியது. குமுதா ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தபடி வேன் கூடவே நடந்தாள். தளம் சமமானதும் எல்லோரும் மூச்சு விட்டோம். அதற்குப் பிறகு தங்கமணியை இறங்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சக்கரங்களைக் கட்டி, வேனின் திரைகளை இழுத்து மூடிவிட்டு வண்டியை எடுத்தேன்.

பின்னால் வந்தவனெல்லாம் ஹார்ன் அடித்துக்கொண்டு முந்திப் போனான். போகட்டும் என்று ஓரத்திலேயே போனேன். குமுதா நடுவில் உட்கார்ந்திருந்தாள். ஆயர் குரோ தாண்டியதும், "செரம்பான்ல நிறுத்துங்க அண்ணே" என்றாள்.

"நிறுத்தலாம். ஆனா வீட்டுல இறக்கும்போதும் இதே சரிவுதான். தலையை யாரு பிடிக்கிறது?"

"நான் பிடிக்கிறேன். எங்கப்பாதானே."

எங்கப்பா என்று அவள் சொன்னது, வாங்கி வைத்து இன்னும் உடுத்தாத துணியைத் தொட்டுப் பார்ப்பது போல இருந்தது.

செரம்பான் ஓய்விடத்தில் லோரியை ஓரங்கட்டினேன். குமுதா மேலே ஏறி வேன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. கதவை மூடிவிட்டு இறங்கி வந்து பழைய இடத்திலேயே உட்கார்ந்தாள்.

"போங்க அண்ணே."

"இறங்க மாட்டேன்னுட்டாங்களா?"

"சண்டை போட்டிருந்தா இறக்கி விட்டிருப்பேன்," என்றாள். அப்போதுதான் அவளுக்குக் குரல் உடைந்தது. "முகத்தைத் தொடச்சி, சேலைய சரி பண்ணிக்கிட்டு, பைய கையில எடுத்து வச்சிக்கிட்டு ரெடியா உட்கார்ந்திருக்கு அண்ணே. நான் கதவத் தொறந்ததும் எழுந்திருச்சிடுச்சி. உட்காருங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

குரு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச தூரம் போன பிறகு, "அம்மாகிட்ட என்ன சொல்லப் போற?" என்று கேட்டேன். தெரியவில்லை என்று தலையாட்டினாள். போனை எடுத்து எண்ணை அழுத்தினாள், மணி அடிப்பதற்குள் நிறுத்திவிட்டாள். கிள்ளான் வரும் வரை அதையே செய்துகொண்டிருந்தாள்.

செந்தோசாவில் அவர்கள் வீட்டுத் தெருவுக்குள் நுழைந்தபோது மூன்று மணி தாண்டியிருந்தது. தெருவை அடைத்துக் கேமா பந்தல் போட்டிருந்தார்கள். சாதாரணமாக ஒரு சவ வண்டி வந்தால் எல்லோரும் தலையைக் குனிவார்கள். லோரி மேல் சவ வண்டி வந்ததால் எல்லோரும் தலையை நிமிர்த்திப் பார்த்தார்கள். மேளக்காரர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். போனைத் தூக்கிப் படம் எடுத்த ஒருவனைப் பார்த்து, "உங்கப்பன் வந்தா அப்ப எடு லா" என்று கத்தினேன். கீழே வைத்துவிட்டான்.

குமுதா இறங்கி ஓடினாள். அம்மாவிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்றுதான். ஆனால் அவள் அம்மா வள்ளியம்மா ஏற்கெனவே கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். புதுச் சேலை, காசளவு குங்குமப் பொட்டு, கொண்டையைச் சுற்றி அடர்த்தியாக மல்லிகை. எழுபது வயதில் கல்யாணப் பெண்ணைப் போல அலங்கரித்திருந்தார்கள். பார்க்கவே முடியவில்லை.

தளத்தைச் சாய்த்தேன். வேன் பின்பக்கமாக இறங்கியது. உள்ளே உருளைகள் மறுபடியும் கிறீச்சிட்டன, ஆனால் எதுவும் மோதவில்லை. சக்கரம் தரையைத் தொட்டதும் குரு பின்கதவைத் திறந்தான்.

முதலில் வெளியே வந்தது பெட்டி இல்லை. கதவில் சாய்ந்திருந்த தங்கமணியின் முதுகு. குரு தாங்கிப் பிடிக்காவிட்டால் விழுந்திருப்பாள். அவளை வெளியே எடுக்காமல் பெட்டியை எடுக்க முடியாது. அத்தனை பேரும் பார்க்க, கால் மரத்துப்போய், வேனைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். உள்ளங்கை இரண்டிலும் பெட்டியின் விளிம்பு சிவப்பாகப் பதிந்திருந்தது.

தெருவில் இருந்த பெரியவர்களுக்கு அவள் யார் என்று தெரிந்துவிட்டது. வள்ளியம்மாவின் தம்பி முன்னால் வந்தார்.

"இவள யாரு இங்க கூட்டிக்கிட்டு வந்தது?"

"நான் போயிடுறேன்," என்று தங்கமணி யாரையும் பார்க்காமல் சொன்னாள். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு லோரிக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

வள்ளியம்மா தம்பியைக் கையால் தடுத்தார்.

"குமுதா, பெட்டிய வழியில இறக்கினீங்களா?"

"இல்லம்மா."

"தலை எங்கயாச்சும் இடிச்சிச்சா?"

"இடிக்கலம்மா. பூட்டு ஒடஞ்சிடுச்சி. ஏத்தும்போதும் இறக்கும்போதும் இவங்கதான் தலைமாட்டுல பிடிச்சிக்கிட்டாங்க."

வள்ளியம்மா நடந்து வந்து தங்கமணி எதிரில் நின்றார். அவர் அவளுடைய கைகளைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். பிறகு நரைத்து, எண்ணெய் கூட வைக்காமல் முடிந்திருந்த தலையைப் பார்த்தார்.

"பூ இன்னும் இருக்கா?" என்று திரும்பாமலே கேட்டார்.

"எல்லாம் மாலைக்குப் போயிடுச்சிக்கா," என்றாள் ஒருத்தி.

வள்ளியம்மா கையைப் பின்னால் கொண்டுபோய்த் தன் கொண்டையிலிருந்த மல்லிகையை இழுத்தார். சரத்தை நடுவில் பல்லால் கடித்து அறுத்து, பாதியை நீட்டினார்.

"வச்சிக்க. பூ வைக்காம எப்படி எடுக்கிறது?"

தங்கமணியால் வாங்க முடியவில்லை. அந்தத் தெருவே கேட்கும்படி, அதுவரை அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து அழுதாள். வள்ளியம்மா அவள் தலையைத் தன் பக்கம் திருப்பி, தானே பூவைச் செருகிவிட்டார். பிறகு எங்களைப் பார்த்து, இப்போது இறக்குங்கள் என்றார்.

தூக்குவதற்கு ஆட்கள் வந்தார்கள். ஒரு பக்கம் ஆள் குறைந்தது. நான் கையைத் துடைத்துக்கொண்டு போய்த் தலைமாட்டைப் பிடித்தேன்.