மதகடியில் கழுவிய சைக்கிள்

ஏரித் தண்ணீரில் கழுவாதே என்று நான் சொல்லாத ஆள் கிடையாது. கொட்டகைச் சுவரில் சாக்பீஸால் பெரிதாக எழுதியும் வைத்திருந்தேன். யார் கேட்கிறார்கள்? எங்கள் பக்கத்தில் மாடானாலும் சரி, டிராக்டரானாலும் சரி, மதகடியில் இறக்கி முங்கவிட்டு எழுப்பினால்தான் கழுவியதாகக் கணக்கு. நான் மோட்டார் மாட்டிக் கொடுக்கும் சைக்கிள்களுக்கும் அதே மரியாதைதான். பின் சக்கரத்தின் நடுவில் சோற்றுத் தட்டு அகலத்துக்கு ஒரு மோட்டார் இருக்கிறது, ஒயர் போகிற ஓட்டை வழியாக அதற்குள் தண்ணீர் இறங்கும் என்று சொன்னால், "மழையில போனா ஒண்ணியும் ஆவலியே?" என்று என்னையே மடக்குவார்கள். மழை வேறு, முங்கல் வேறு. சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

அன்றைக்குக் காலையில் பச்சையம்மாள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. சக்கரக் கம்பியில் பாசி தொங்கிக்கொண்டிருந்தது.

"முங்க வுட்டியா?"

"மீனு நாத்தம்க்கா. உத்திரமேரூர்ல ஒரு வூட்டுல வாசல்லயே நிக்க வுடல. அதான் மதகாண்ட படுக்கப் போட்டு நல்லா தேச்சி..."

திட்டினேன். மனசு ஆறுகிற வரைக்கும் திட்டினேன். அவள் முக்காலியில் உட்கார்ந்து தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டாள். ஆக்சிலேட்டரைத் திருகிப் பார்த்தேன். மோட்டார் இரண்டு உதறு உதறிவிட்டு நின்றது.

பச்சையம்மாள் ஏரிக்கரைக் கோடியில் இருக்கும் இருளர் குடியிருப்பைச் சேர்ந்தவள். வலை போட்டு மீன் பிடித்து விற்கிறவள். மகள் சௌமியாவுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிள் அது. சௌமியா காஞ்சிபுரத்துக்கு நர்சிங் படிக்கப் போன பிறகு அம்மா கைக்கு வந்தது. அதற்கு நான் மோட்டார் மாட்டிக் கொடுத்தேன். அதற்கு முன்னால் அவளுக்கும் அங்கே இருக்கிற மற்ற பெண்களுக்கும் ஊரில் நிலமும் டிராக்டரும் உள்ள ராஜாராமின் வேன் ஒன்றுதான் கதி. மீன் கூடையைப் பார்த்தால் பஸ்காரன் விசில் அடித்துவிட்டுப் போய்விடுவான். வேனில் ஏறினால் கூடையில் இருக்கிற விலை கூடின விராலை எல்லாம் ராஜாராம் பொறுக்கி எடுத்துக்கொள்வார். மிச்சம் இருக்கிற கெண்டையையும் ஜிலேபி மீனையும் அவர் கை காட்டுகிற கடையில், அவர் சொல்கிற விலைக்குப் போட வேண்டும். சைக்கிள் வந்த பிறகு பச்சையம்மாள் தெருத் தெருவாகப் போய் அவளே விற்றாள். விலையை அவளே சொன்னாள். ராஜாராமுக்கு அது பொறுக்கவில்லை. "அந்த ஓட்ட சைக்கிளு ஒரு நாள் படுக்கும். அன்னிக்கி வேன்ல ஏறுவா இல்ல, அப்பால எறங்கட்டும், பாத்துக்கறேன்" என்று டீக்கடையில் சொன்னது எனக்கே வந்து சேர்ந்தது.

இப்போது படுத்துவிட்டது. அதுவும் எந்த நேரத்தில்? ஏரி வற்றி, மதகடிப் பள்ளத்தில் மட்டும் தண்ணீர் நின்றது. மறுநாள் காலையில் கடைசி மீன்பிடி. வருஷத்தில் அதைவிடப் பெரிய பிடி கிடையாது. சைக்கிள் ஓடாவிட்டால் அவ்வளவு மீனும் வேனுக்குத்தான், அவளும் வேனுக்குத்தான்.

"ரெடியாவுமாக்கா?"

"மோட்டாருக்குள்ள சின்னதா மூணு சென்சார் கீது. சக்கரம் எங்க நிக்குதுன்னு, மோட்டாருக்குக் கரண்ட் வுடற கன்ட்ரோலருக்குச் சொல்றது அதுங்கதான். அது செத்துப்போச்சின்னா கன்ட்ரோலர் குருடு. சென்சார் இல்லாமலே ஓட்டற கன்ட்ரோலர் ஒண்ணு வச்சிருக்கேன். அத்த மாட்டிடலாம்."

அவள் முகம் தெளிந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் ராஜாராம் வந்தார். முன்னால் டிரைவர் ஜான் ஒரு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். ராஜாராம் முட்டி வலிக்காரர். கழனிக்குப் போய்வர நான்தான் அவருக்கும் மோட்டார் மாட்டிக் கொடுத்திருந்தேன். அந்தச் சக்கரத்திலும் பாசி. சேற்றில் போய்வந்த சைக்கிளை டிராக்டரோடு சேர்த்து மதகடியில் கழுவியிருக்கிறார்கள். பெரிய மனிதர், சின்ன மனிதர் என்று தண்ணீர் பார்க்குமா?

அவர் தலையைக் கண்டதும் பச்சையம்மாள் முக்காலியை விட்டு எழுந்தாள். எழுந்தவள் கொட்டகைக்கு வெளியே போய் வெயிலில் நின்றாள். "ஐயாவுத பாருக்கா மொதல்ல" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. வந்தவர் அந்த முக்காலியில் அது தனக்காகவே போட்டது போல உட்கார்ந்தார்.

விஷயத்தைச் சொன்னேன். இரண்டுக்கும் ஒரே நோவு. கன்ட்ரோலர் இருப்பது ஒன்று. ஆர்டர் போட்டால் வர ஒரு வாரமாகும்.

"அப்ப அத்த என்னுதுல மாட்டு" என்றார் ராஜாராம். "அவளுக்கு இன்னா அவசரம்? அதான் வேன் கீதே."

"அவ மொதல்ல வந்தாண்ணா."

"கொட்டா யாருது?"

"உங்குளுது."

"அப்ப?"

"கன்ட்ரோலர் என்னுது."

ஜான் இருமுவது போல வாயைப் பொத்திக்கொண்டான். ராஜாராம் எழுந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். நேராகப் போய்ச் சுவரில் இருந்த பியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "கொட்டாய காலி பண்ணு. இப்பவே. பூட்டணும்" என்றார்.

எனக்குப் பயம் பாதி, ஆத்திரம் பாதி. இந்த இடத்தை விட்டால் ரோட்டோரம் வேறு இடம் கிடையாது. வெயிலில் நின்ற பச்சையம்மாள் உள்ளே வந்தாள். தன் சைக்கிளைப் பிடித்து வெளியே தள்ளினாள்.

"கொட்டா அவருது. எதுத்தாப்புல கீற புளியமரம் அவரா வச்சாரு? வாக்கா. ஸ்பேனர எடு."

ராஜாராம் அவளைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவள் எதிர்த்துப் பேசி அவர் அன்றைக்குத்தான் கேட்டிருப்பார் போல. அவள் அதற்குள் என் டூல் பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டிவிட்டாள். நானும் முக்காலி, மீட்டர், பழைய டயர் என்று கைக்கு வந்ததை எல்லாம் அள்ளிக்கொண்டு பின்னால் ஓடினேன். அவர் தகரக் கதவை இழுத்துப் பூட்டிவிட்டுப் போனார். போன வேகத்தில் தன் சைக்கிளை உள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டார். ஜான் அதைச் சொல்ல வாயெடுத்தான், அவர் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான்.

கரண்ட் இல்லாமல் என்ன செய்வாள் என்று அவர் நினைத்திருக்கலாம். எனக்கு அன்றைக்கு வேண்டியது வெயில். அது யார் சட்டைப் பைக்குள்ளும் போகாது. சக்கரத்தைக் கழற்றி மோட்டார் மூடியைத் திறந்தேன். டீ நிறத்தில் தண்ணீர் கொட்டியது. கூடவே ஒரு குட்டி நத்தை. பச்சையம்மாள் சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன், திட்டினது வீணாகக் கூடாது. மீட்டர் வைத்துப் பார்த்தால் சென்சார் மூன்றும் போயிருந்தன. செம்புக் கம்பிச் சுருள் பிழைத்திருந்தது. எல்லாவற்றையும் பழைய புடவையில் துடைத்து, தார் ரோட்டு ஓரம் வெயிலில் காயவைத்தோம். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்த்தார்கள். "இன்னா சுதா, கருவாடு போட்டுக்கினு கீறியா?" என்று ஒருவர் கேட்டார். "ஆமா, நாளைக்கி ஓடும், வந்து பாரு" என்றேன்.

மதியம் சாய்ந்ததும் பேரிங்குக்கு கிரீஸ் வைத்து மூடினேன். ஒயர் ஓட்டையைப் பசை போட்டு அடைத்தேன். கன்ட்ரோலரை மாட்டினேன்.

"ஒண்ணு கேட்டுக்கோ. இது இனிமே நின்ன எடத்துல இருந்து தானா கெளம்பாது. மொத மிதி நீ மிதிக்கணும். சக்கரம் உருண்டாதான் மோட்டார் புடிக்கும்."

"அவ்ளோதான? மிதிச்சா போச்சி" என்றாள் பச்சையம்மாள்.

மறுநாள் விடிந்ததும் நானும் மதகுக்குப் போனேன். வேன் நின்றது. ராஜாராம் அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பெண்கள் கூடையோடு வரிசையில் நின்றார்கள். பச்சையம்மாளின் கூடை நிறைய விரால். அதைக் கேரியரில் வைத்து ரப்பர் டியூபால் கட்டினாள்.

"கொண்டாந்து வேன்ல ஏத்துமே" என்றார் ராஜாராம்.

அவள் காது கேட்காதவள் போல சைக்கிளில் ஏறினாள். பழக்கதோஷத்தில் ஆக்சிலேட்டரைத் திருகிவிட்டாள். மோட்டார் கடகடவென்று உதறி நின்றது. வேன் பக்கமிருந்து சிரிப்பு. மறுபடி மிதித்தாள். மதகடியிலிருந்து கரைக்கு நல்ல ஏற்றம், பின்னால் மீன் பாரம், சக்கரம் அரைச் சுற்றில் நின்றது. மேட்டில் கிளம்ப வேண்டியிருக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை.

"ஆடிக் காட்டினது போதும். எறங்கு" என்றார் ராஜாராம்.

அவள் இறங்கவில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு திரும்பி, வரிசையில் நின்ற தன் நாத்தனாரைக் கூப்பிட்டாள். "செங்கேணி, ஒரு தள்ளு தள்ளுடி!"

செங்கேணி ராஜாராமைப் பார்த்தாள். வேனைப் பார்த்தாள். பிறகு கூடையைக் கீழே வைத்துவிட்டு வந்து கேரியரைப் பிடித்தாள். அவள் தள்ள, இவள் எழுந்து நின்று மிதிக்க, சக்கரம் ஒரு சுற்று உருண்டது. மோட்டார் பிடித்துக்கொண்டது. அந்த ரீங்காரம் என் காதில் விழுந்ததும் நான் கத்தியே விட்டேன். பச்சையம்மாள் கரைமேல் ஏறி, புடவைத் தலைப்பு பறக்க, உத்திரமேரூர் பக்கம் போனாள். செங்கேணி திரும்பி வந்து தன் கூடையை எடுத்தாள். வேன் பக்கம் போகவில்லை. தலையில் வைத்துக்கொண்டு கரைமேல் நடக்க ஆரம்பித்தாள்.

எட்டு நாள் கழித்துப் புது கன்ட்ரோலர்கள் வந்தன. என் கடை இப்போது புளியமரத்தடிதான். மேலே ஒரு தார்ப்பாய். செங்கேணியின் மகன் சைக்கிளுக்கு மோட்டார் மாட்டிக்கொண்டிருந்தேன். பிரேக் கட்டை மாற்ற வந்த பச்சையம்மாள் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

எதிரே தகரக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ராஜாராம். தன் சைக்கிளைத் தானே தள்ளிக்கொண்டு, நொண்டி நொண்டி ரோட்டைத் தாண்டி வந்தார். ஜானைக் காணோம்.

"கன்ட்ரோலர் வந்துச்சாமே. இத்த மொதல்ல பாரு" என்றார்.

பச்சையம்மாள் பழக்கத்தில் பாதி எழுந்தாள். எழுந்தவள் அப்படியே ஒரு கணம் நின்றாள். பிறகு புடவையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, திரும்ப உட்கார்ந்தாள்.

"மொதல்ல செங்கேணியுது. அப்பால என்னுது. அதுக்கப்பால உங்குளுதுய்யா" என்றாள். பக்கத்தில் கிடந்த கல்லைக் காட்டினாள். "எத்தினி நேரம் நிப்பீங்க? குந்துங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் டூல் பெட்டிக்குள் தலையை விட்டு, கையிலேயே இருந்த ஸ்பேனரைத் தேடிக்கொண்டிருந்தேன்.

முட்டி வலிக்காரர், பாவம். குந்தினார்.