இயந்திரத்துக்குப் போன இடுப்பு வலி

1987 ஆனி மாதம், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கஜபதியின் வேலைக்கு வந்த ஜப்பான் இயந்திரம், வேலையோடு சேர்த்து அவருடைய இடுப்பு வலியையும் எடுத்துக்கொண்டது. வருடக்கணக்காகக் குனிந்து தகடு அடித்ததில் வந்த வலி அது. கஜபதியை வீட்டுக்கு அனுப்பிய அன்றே காணாமல் போனது. மறுநாள் இயந்திரம் குனிந்தால் நிமிர முடியாமல் முனகியது. சூப்பர்வைசர் லோகநாதன் அதற்குத் தைலம் தேய்க்க ஓர் ஆளைப் போட்டார்.

திருவேற்காட்டில் கஜபதியின் மனைவி புஷ்பா முதலில் சந்தோஷப்பட்டாள். ஆனால் இயந்திரம் அத்தோடு நிற்கவில்லை. அவருடைய மதியத் தூக்கம், பீடி ஆசை, கடைசியில் கோபம் என்று ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டது. அங்கே அது குறட்டை விட்டது. இங்கே கஜபதி ஆணியில் மாட்டிய சட்டை மாதிரி, வைத்த இடத்திலேயே இருந்தார். புஷ்பா ஒருநாள் உப்பே போடாமல் குழம்பு வைத்துப் பார்த்தாள். "நல்லா கீது" என்றார். அப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது. பஸ் பிடித்துப் போய் இயந்திரத்தின் முன் நின்றாள்.

"யோவ், உனுக்கு வேலயத்தான குடுத்தாங்க? எம்புருசன் கோவம் உனுக்கு இன்னாத்துக்கு?"

இயந்திரம் தகட்டை ஓங்கி அடித்தது. சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழும்போது கஜபதி எழுப்பும் அதே சத்தம். புஷ்பாவுக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாத்தனார் கல்யாணத்திலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் பேசித் தீர்த்தாள். அன்றைக்கு உற்பத்தி கூடியது. "வாரா வாரம் வந்துட்டுப் போம்மா" என்றார் லோகநாதன். எட்டு வருடம் போய்வந்தாள்.

பிறகு கொரியாவிலிருந்து புதியது ஒன்று வந்தது. இடுப்பு வலி, தூக்கம், பீடி ஆசை எல்லாம் அதற்குப் போயின. கோபம் மட்டும் பழையதிலேயே தங்கிவிட்டது. பழைய இரும்புக்காரன் வருவதற்குள் புஷ்பா டிராக்டரோடு போய் நின்றாள்.

"இத வச்சுகினு இன்னாம்மா பண்ணப் போறே?" என்றார் லோகநாதன்.

"வேல போன ஆம்பளய இன்னா பண்ணுவாங்க சார்? ஊட்டுக்குக் கூட்டிகினு போவாங்க."

வீட்டில் கஜபதி நகர்ந்து அதற்கு இடம் விட்டார். கோபப்பட வேண்டிய நேரங்களில் அதன் மேல் கையை வைத்துக்கொண்டு கத்தினார். மற்ற நேரங்களில் இருவரும் சும்மா இருந்தார்கள். அந்தத் தீபாவளிக்குப் புஷ்பா இரண்டு வேட்டி எடுத்தாள். இயந்திரத்துக்கு நாலு முழம் பற்றவில்லை. மறுநாள் கடைக்குப் போய் எட்டு முழமாக மாற்றிக்கொண்டு வந்தாள்.