உறைந்த கீழ்த்தட்டு

அப்துல் மஜீது மவுத்தாகி நாற்பதாம் நாள் நெருங்கும் நேரம் பார்த்து ஃபிரிட்ஜ் மக்கர் பண்ணியது. கீழ்த்தட்டில் வைத்த பால் கல்லானது. தக்காளியை எடுத்துத் தரையில் போட்டால் உருண்டது. மோட்டார் நிற்காமல் உறுமியது, உள்ளே ஃபேன் எதிலோ இடித்துக் கடகடத்தது. நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதிப் போடும் விருந்துக்கு அறுக்கும் கறியை எங்கே வைப்பது என்று தவித்தது மஜீதின் அக்கா சாரா உம்மாள்தான். மஜீதின் மனைவி நாஜியாவுக்கு அந்தத் தவிப்பு வரவில்லை. புருஷனை அடக்கம் செய்த நாளிலிருந்து அவளுக்கு எதுவுமே வரவில்லை, அழுகை உட்பட. சோறு வைத்தால் தின்றாள், படு என்றால் படுத்தாள். "சொட்டுக் கண்ணீர் விடலையே" என்று கோட்டைப்பட்டினத்துப் பெண்கள் குசுகுசுத்தார்கள். விட்டிருந்தால் அதற்கும் ஒன்று சொல்லியிருப்பார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

நாஜியா இத்தாவில் இருந்தாள். புருஷனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வாசல் தாண்டாமல், அந்நிய ஆண் கண்ணில் படாமல் இருக்க வேண்டிய காலம் அது. ஆகவே மெக்கானிக் வந்தபோது உள்ளறைத் திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். கூடத்தில் பேசுவது காதில் விழும். திரை ஓரமாய் ஃபிரிட்ஜில் பாதி தெரியும்.

மெக்கானிக் பிராங்க்ளினுக்கு அறந்தாங்கியில் கடை. கை ஒரு வேலை செய்தால் வாய் இரண்டு வேலை செய்யும் ஆள்.

"பாய் எப்படிக்கா மவுத்தானாரு? நல்லாத்தானே நடமாடிக்கிட்டிருந்தாரு?"

"சுகருதான் தம்பி" என்றாள் சாரா உம்மாள். "கால்ல ஒரு சின்னப் புண்ணு. ஆறவே இல்ல. ரெண்டு வேளை ஊசி போட்டும் சுகரு எறங்கல. வாயைக் கட்டத் தெரியல அவனுக்கு. என்ன செய்யச் சொல்றே?"

ஊரில் எல்லாரும் சொன்னது இதைத்தான். முதன்முதலில் சொன்னவள் நாஜியா. போன நோன்புப் பெருநாளுக்குத் தித்திக்கத் தித்திக்க வட்டலப்பம் செய்தாள். அதற்கப்புறம்தான் மஜீதுக்கு சர்க்கரை ஏற ஆரம்பித்தது. பெருநாளில் நாக்குக்கு ருசி கண்டுவிட்டது, ஒளிந்து ஒளிந்து தின்கிறார் என்று முடிவு கட்டினாள். பேரீச்சம்பழத்தை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். சட்டைப் பையை மோந்து பார்த்தாள். "நான் திங்கல புள்ள" என்று அவர் சொன்னபோதெல்லாம் "அப்ப சுகரு ஆகாசத்துலேர்ந்தா எறங்குது?" என்றாள். ஒரு நாள், குர்ஆன் மேல் கை வைத்துச் சொல்லுங்கள் என்றும் கேட்டுவிட்டாள். மஜீது செருப்பை மாட்டினார். "ஒரு துண்டு அல்வாவுக்கா குர்ஆனைத் தொடச் சொல்றே?" என்று கேட்டுவிட்டு வெளியே போய்விட்டார். மடியில் கனம் இருக்கப் போய்த்தானே வழியில் பயம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, மருந்தெல்லாம் ஒழுங்காகப் போடுகிறாரா என்று டாக்டர் கேட்டார். பதிலை அவளே முந்திக்கொண்டு சொன்னாள். "ஊசியெல்லாம் சரியாத்தான் போடுறாக டாக்டர். திருட்டுத்தீனிதான் நிக்க மாட்டேங்குது." மஜீது கட்டிலில் மேலே பார்த்தபடி கிடந்தார். டாக்டர் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

கூடத்தில் பிராங்க்ளின் வேலையைத் தொடங்கியிருந்தான். கதவு ரப்பருக்கு நடுவில் ஒரு காகிதத்தைக் கொடுத்துச் சாத்தி இழுத்தான். காகிதம் அசையவில்லை. "ரப்பர் நல்லா இருக்கு." குளிரைக் குறைக்கும் திருகை அடிமட்டத்துக்குத் திருப்பிவிட்டு டீ குடித்தான். டீ தீர்ந்தது, மோட்டார் நிற்கவில்லை. "இது சென்சார் கோளாறு மாதிரில்ல தெரியுது" என்று சொல்லி, பின்சுவர்ப் பலகையைக் கழற்றுவதற்காகக் கீழ்த்தட்டில் இருந்ததையெல்லாம் எடுத்து வெளியே வைத்தான்.

பிறகு மிளகு பருமனில் ஒன்றை ஒயரோடு உருவினான். ஒரு டம்ளரில் ஐஸ் தண்ணீர் கேட்டு வாங்கி, அதை உள்ளே முக்கி மீட்டரை வைத்துப் பார்த்தான். எடுத்துக் கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டு மறுபடி பார்த்தான்.

"பாருங்கக்கா. ஐஸ்ல போட்டாலும் அதே நம்பரு, கைச்சூட்டுலயும் அதே நம்பரு. மரத்துப் போச்சு இது. உள்ள குளுந்தா போதும்னு இதுதான் சொல்லணும், மோட்டார் நிக்கும். இது எந்நேரமும் சூடா இருக்கு சூடா இருக்குன்னு பொய் சொல்லிக்கிட்டிருந்திருக்கு. மோட்டாரும் அத நம்பி ஓடிக்கிட்டே இருந்திருக்கு. எப்போலேர்ந்து இப்படி ஐஸ் கட்டுது?"

"அது போன நோம்புலேர்ந்தே கட்டுதே!" சாரா உம்மாள் குரலில் பெருமை. "கீழ்த்தட்டுல தண்ணி பாட்டில வச்சா பாதி ஐஸாயிரும். நோம்பு தொறக்கத் தெருவே இங்கதான் வந்து வாங்கிட்டுப் போச்சு. எந்தம்பி சவுதியிலேர்ந்து வந்து ஆசையா வாங்கினது. இது மாதிரி கூலிங் எந்த ஃபிரிட்ஜுல வரும்?"

"அது பெருமை இல்லக்கா, கோளாறு. அதுலயும் பின்சுவர் ஓரம் இருக்கே, அங்கிட்டு என்ன வச்சாலும் கல்லாயிரும். இந்தா பாருங்க, ஒரு மருந்து டப்பா கூட ஒட்டிக் கெடந்துச்சு. பேத்துல்ல எடுத்தேன்."

நாஜியா திரை ஓரமாய்ப் பார்த்தாள். மஜீதின் இன்சுலின் டப்பா, ஒரு பக்கம் ஐஸ் பிடித்து, தக்காளிகளோடு கிடந்தது.

அதைப் பின்சுவர் ஓரம் வைத்தவள் அவள்தான். ஃபிரிட்ஜில் வைக்காவிட்டால் கெட்டுவிடும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். நாஜியா மீன் ஊர்க்காரி. ஐஸ் எவ்வளவு அதிகமோ மீன் அவ்வளவு நல்லது என்று பார்த்து வளர்ந்தவள். மருந்து மட்டும் வேறு மாதிரியா இருக்கும் என்று, இருப்பதிலேயே குளிர்ந்த மூலையாகப் பார்த்து வைத்தாள். மஜீது காலையில் குப்பியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் உருட்டுவார். "கல்லாட்டம் இருக்கே புள்ள" என்று ஒரு தடவை சொன்னார். "கூலிங்கா இருந்தாத்தாங்க மருந்து கெடாது" என்றாள். அவர் உருட்டி இளக்கி, போட்டுக்கொண்டார். ஒரு வேளை தப்பாமல் போட்டுக்கொண்டார்.

"தம்பி."

திரைக்குப் பின்னாலிருந்து வந்த குரலில் சாரா உம்மாள் திடுக்கிட்டுத் திரும்பினாள். மச்சான்மார்கள் வந்தபோதுகூட நாஜியா வாய் திறந்ததில்லை.

"அந்த மருந்து ஒறைஞ்சிருக்குமா?"

"மருந்தப் பத்தி எனக்குத் தெரியாதுங்க. தண்ணி ஒறைஞ்சா அதுவும் ஒறையும்தானே. மேலயே எழுதியிருக்குமே." பிராங்க்ளின் டப்பாவைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தான். "ஆமா, போட்டிருக்கான். உறைய வைக்கக் கூடாது, உறைஞ்சா உபயோகிக்கக் கூடாதுன்னு."

புது சென்சாரை மாட்டிவிட்டு அவன் போனான். கொஞ்ச நேரத்தில் மோட்டார் தானாக நின்றது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு வீட்டில் சத்தமில்லை. சாரா உம்மாள் உள்ளறைக்கு வந்து நாஜியாவின் கையைப் பிடித்தாள். அந்தக் கை பிடியைத் தளர்த்தவும் இல்லை, இறுக்கவும் இல்லை.

"யாருட்டயும் சொல்லிராத புள்ள. தெரிஞ்சா ஊரு ஒன்னைத்தான் பேசும். புருசனக் கொன்னவள்னு கூசாமச் சொல்லுவாளுக. அல்லா எழுதின எழுத்து, முடிஞ்சு போச்சு."

"அவுக திங்கல மதினி."

"சரி, திங்கல. அவனுக்கு இனிமே நல்ல பேரு எதுக்கு? நீ இங்கிட்டு இருந்து காலந்தள்ளணும்ல?"

அவள் சொன்னது நியாயம்தான். தம்பியைப் பறிகொடுத்தவள் தம்பி பெண்டாட்டியைக் காப்பாற்றப் பார்க்கிறாள். அந்த மனசு எத்தனை பேருக்கு வரும்? தப்பு செய்தவளுக்கு நெஞ்சு அடைக்க வேண்டும், குமுற வேண்டும். நாஜியாவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. நடக்காதது அவளுக்கே பயமாக இருந்தது.

சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு யாசீன் ஓதத் தெருப் பெண்கள் வந்தார்கள். ஓதி முடித்து, டீ கொடுத்து, பேச்சு வழக்கம் போல மஜீதிடம் வந்தது.

"தங்கமான மனுசன்" என்றாள் எதிர்வீட்டு ரகுமத் பீவி. "வாயை மட்டும் கட்டியிருந்தாகன்னா இன்னும் இருபது வருசம் இருந்திருப்பாக."

சாரா உம்மாள் நாஜியாவைப் பார்த்து வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள்.

"அவுக எதையும் திங்கல" என்றாள் நாஜியா. குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "ஃபிரிட்ஜு கெட்டுக் கெடந்துருக்கு. மருந்தக் கொண்டுபோயி ஐஸ்ல வச்சது நான். அது செத்த மருந்து. செத்த மருந்தத்தான் அவுக குத்திக்கிட்டாக."

ரகுமத் பீவிக்கு நம்ப முடியவில்லை, விடவும் முடியவில்லை.

"அப்ப திங்கலன்னு அவுக வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே தாயி?"

"சொன்னாக" என்றாள் நாஜியா. "நித்தம் சொன்னாக. எங்கிட்டதான் சொன்னாக."