கதவோர நாற்காலி

அச்சகத்துக்கு மேலே, குடியை விட நினைப்பவர்கள் கூடும் அந்த அறையில், எங்கும் எழுதி ஒட்டாத ஒரு வழக்கம் உண்டு. அன்றைக்குக் குடித்துவிட்டவனும் கூட்டத்துக்கு வரலாம். ஆனால் வட்டத்தில் உட்காரக் கூடாது, பேசக் கூடாது. கதவோரம் தனியாகக் கிடக்கும் நாற்காலியில் உட்கார்ந்து, மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுவிட்டுப் போகலாம். ஏன் குடித்தாய் என்று ஒருத்தரும் கேட்கமாட்டார்கள். அங்கே வருகிறவர்களில் அந்த நாற்காலியைத் தேய்க்காதவர் யார்?

அன்று சாயங்காலம் லிஃப்ட் மெக்கானிக் மாடி ஏறி வந்தது அந்த நாற்காலிக்குத்தான். வாயில் ஏலக்காயை மென்றுகொண்டிருந்தான் என்பது வேறு விஷயம். பழக்கதோஷம்.

மத்தியானம் ஒரு பழைய அலுவலகக் கட்டடத்தில் நின்றுபோன லிஃப்டைப் பார்க்கப் போயிருந்தான். மொட்டைமாடி மோட்டார் அறையில் இருக்கும்போது மனைவி போனில் கூப்பிட்டாள். மகளைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனவள், போனதிலிருந்து அவளாகக் கூப்பிட்டதே இல்லை. இன்றைக்குக் கூட்டத்துக்கு வருகிறேன், நீங்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு, திரும்பி வருவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறேன் என்றாள். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. கண் கலங்கிவிட்டது. கை கிரீஸைத் துடைக்க, மோட்டாருக்குப் பின்னால் கிடந்த கழிவுப் பஞ்சை இழுத்தான். பஞ்சோடு ஒரு குவார்ட்டர் பாட்டிலும் வந்தது. எப்போதோ அவனே ஒளித்து வைத்து மறந்துபோனது.

துக்கத்தில் குடிப்பவனையாவது மன்னிக்கலாம். இந்தப் பாவி சந்தோஷம் தாங்காமல் குடித்தான். அல்லது பயம் தாங்காமல். அவள் வந்துவிட்டால் இனி ஒருநாளும் வழுக்கக் கூடாதே என்ற பயம். பைப் அண்ணனுக்குப் போன் செய்திருக்க வேண்டும் என்பது பாட்டில் காலியான பிறகுதான் உறைத்தது.

பைப் அண்ணன் ஒரு பிளம்பர். குடித்துக் கெட்டு, மீண்டு வந்தவர். மீள்வதற்கான படிகள் அந்த அறைச் சுவரில் வரிசையாக ஒட்டியிருக்கும். இவனைக் கைபிடித்து அவற்றில் ஏற்றும் பொறுப்பு அவருடையது. லிஃப்ட்காரனாக இருந்தாலும் இங்கே படி ஏறித்தான் ஆக வேண்டும் என்று முதல் நாளே கேலி செய்தார். முதல் மிடறுக்கு முன்னால் என்னைக் கூப்பிடு என்பது மட்டும்தான் அவர் போட்ட நிபந்தனை.

கதவைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டான். கதவோர நாற்காலியில் அவன் மனைவி உட்கார்ந்திருந்தாள். முன்னதாகவே வந்துவிட்டாள் போலிருக்கிறது. வட்டத்துக்குள் உட்காரக் கூச்சப்பட்டு, ஒதுங்கிக் கிடந்ததில் உட்கார்ந்துவிட்டாள். வந்த விருந்தாளியை எழுந்திரு என்று யார் சொல்வார்கள்? மடியில் கைப்பையைப் பிடித்தபடி அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

மிச்சம் இருந்தது வட்டத்தில் ஒரே ஒரு நாற்காலி, பைப் அண்ணனுக்கு எதிரே. போய் உட்கார்ந்தான். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அந்த நிமிடம் அவனுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. நான் என்ன செய்வேன், என் இடத்தில் அவள் உட்கார்ந்துவிட்டாளே என்று மனசு உடனே வக்கீல் வைத்துக்கொண்டது.

ஒவ்வொருவராகப் பேசினார்கள். எல்லாரும் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பார்கள். இன்றைக்கு நான் குடிக்கவில்லை என்று சொல்லிவிட்டுத்தான் மற்றதெல்லாம். இவன் முறை வந்தது. பைப் அண்ணன் தலையசைத்தார். அவர் முகம் முழுக்கப் பெருமை.

மனைவியிடம் பொய் சொல்வது அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. வருஷக்கணக்கில் கண் சிமிட்டாமல் சொன்னவன். ஆனால் எதிரே இருந்தவர்கள் அத்தனை பேரும் இதே பொய்யைத் தங்கள் வீடுகளில் சொன்னவர்கள். இருந்தும், இவன் சொல்லப் போவதை நம்பக் காத்திருந்தார்கள். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

எழுந்து கதவருகே போனான்.

"எந்திரி," என்றான் மனைவியிடம்.

வட்டத்தில் வந்து உட்காரக் கூப்பிடுகிறான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். "எனக்கு இங்கயே போதுங்க."

"அது இன்னைக்குக் குடிச்சவன் உட்கார்ற இடம். நான் குடிச்சிருக்கேன்."

அவள் முகத்தில் இருந்த சிரிப்புக்கு உடனே போகத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டுத்தான் போனது.

"எப்போ?"

"மத்தியானம்."

"நான் வரேன்னு சொன்னதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

முன்னாடி என்று சொல்லியிருக்கலாம். அதில் அவளுக்குக் கொஞ்சமாவது ஆறுதல் இருந்திருக்கும்.

"அப்புறம்."

அவள் எழுந்து நாற்காலியை அவனுக்கு விட்டாள். "அப்பாவைப் பாத்துட்டு வரேன்னு பாப்பாகிட்ட சொல்லிட்டு வந்தேன்," என்றாள். திட்டவில்லை, அழவும் இல்லை. கதவைச் சாத்திவிட்டுப் படியிறங்கினாள்.

அவன் உட்கார்ந்தான். அவள் செருப்புச் சத்தம் படியில் தேய்ந்து மறைந்தது. பிறகு பைப் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்தவரைப் பேசச் சொன்னார். என்ன பேசினார்கள் என்று ஒரு வார்த்தையும் அவன் காதில் ஏறவில்லை. ஓடிப் போய் அவளை நிறுத்தலாம், காலில் விழலாம் என்று நெஞ்சு கிடந்து அடித்துக்கொண்டது. ஆனாலும் நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டு அங்கேயே இருந்தான். தெருவில் இறங்கினால் கால் அவள் பின்னால் போகாது, எங்கே போகும் என்று அவனுக்குத் தெரியும்.