அண்டாவுக்காக ஊதிய விசில்

"என்னை இங்கேருந்து வெளியே தூக்கிட்டுப் போறப்ப நீ விசில் ஊதணும்டா" என்று அண்டா கேட்டதும், ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தவருக்குக் கை நின்றுவிட்டது.

"வாயைக் கழுவு. அந்தப் பேச்செல்லாம் இப்ப எதுக்கு?"

"அட மடையா, செத்தப்புறம் ஊதினா எனக்கு என்னத்தக் கேக்கும்? வியாழக்கிழமை வீட்டுக்கு அனுப்புறாங்க. ஸ்ட்ரெச்சர்லதான் இறக்குவாங்களாம். அப்ப ஊது."

வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்றால் குணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. டாக்டர், அண்டாவின் மனைவியை வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்: இனிமேல் மருந்து வலிக்கு மட்டும்தான், வீட்டில் இருக்கட்டும், பிடித்ததைச் சாப்பிடட்டும். அது அண்டாவுக்கும் தெரியும். தெரியாத மாதிரி நடிப்பது அவருக்கு வராது.

"முடியாதுடா" என்றார் ஆரஞ்சு உரித்தவர். "அது கேப்டனுக்கு ஊதுறது. அவர் கப்பல்ல ஏறினா ஊதுவோம், இறங்கினா ஊதுவோம். உனக்கும் எனக்கும் அது கிடையாது. வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல."

"இருக்கு. நானும் கரண்டியோட நின்னு வேடிக்கை பார்த்தவன்தானே." அண்டா கண்ணை மூடிக்கொண்டார். அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஒன்றைப் பிடித்தால் லேசில் விடாத மனிதர் இப்படிச் சட்டென்று விட்டுவிட்டதுதான் ஆரஞ்சு உரித்தவரை உறுத்தியது. ஆரஞ்சுச் சுளைகளைத் தட்டில் வைத்துவிட்டு, தின்னச் சொல்லவும் மறந்து, பஸ் ஏறி வீட்டுக்கு வந்தார்.

இரண்டு பேரும் ஒரே போர்க்கப்பலில் வேலை பார்த்தவர்கள். அண்டா சமையல்காரர். கப்பல் எப்படி ஆடினாலும் கொதிக்கிற அண்டாவை ஒற்றை ஆளாகத் தூக்கிவிடுவார் என்பதால் வந்த பெயர் அது. மற்றவருக்கு விசில் என்று பெயர். அவர் கழுத்துச் சங்கிலியில் தொங்கிய விசில், விரல் நீளத்துக்கு வளைந்த ஒரு வெள்ளி நிற உலோகக் குழாய். நுனியில் கோலிகுண்டு அளவுக்கு ஓர் உருண்டை. அதைச் சுற்றி உள்ளங்கையை மூடித் திறந்தால் சத்தம் ஏறும், இறங்கும், நடுங்கும். எழுந்திருப்பது, சாப்பிடுவது, கயிறு இழுப்பது, இழுப்பதை நிறுத்துவது, கப்பலில் எல்லாம் அந்தச் சத்தத்துக்குத்தான் நடக்கும். சாப்பாடு வேகுமுன்னே ஊதிவிட்டார் என்று கரண்டியைத் தூக்கிக்கொண்டு மேல்தளத்துக்கே சண்டைக்கு வந்தவர் அண்டா. அவர்களுடைய நட்பு அப்படித்தான் தொடங்கியது.

பிறகு ஒரு மத்தியானம் கப்பலின் அடித்தளத்தில் தீப்பிடித்தது. விளக்கு போனது. ஒலிபெருக்கி செத்தது. கீழே இருந்தவர்களுக்கு ஏணி எந்தப் பக்கம் என்றே தெரியாத புகை. விசில் ஈரத்துணியை மூக்கின் மேல் கட்டிக்கொண்டு ஏணியின் மேல்வாயில் மண்டியிட்டு ஊத ஆரம்பித்தார். மூச்சு முட்டியது, இருமினார், மறுபடி ஊதினார். சத்தம் வந்த திசையைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் ஒவ்வொருவராக ஏறி வந்தார்கள். கடைசியாக வந்தவர் அண்டா. ஒரு கையால் தரையைத் தடவிக்கொண்டு, மறு கையால் மயங்கிக் கிடந்த எஞ்சின் அறைப் பையன் ஒருவனைச் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் யாரும் வரவில்லை. வராதவர்களுக்காக ஒவ்வொரு வருடமும் துறைமுகச் சுவரோரம் பழைய மாலுமிகள் கூடிப் பூ வைப்பார்கள். விசிலும் அண்டாவும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். அந்த நாளைப் பற்றி மட்டும் ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

வழக்கம் என்று விசில் சொன்னது பொய்யில்லை. ஆனால் அதற்குக் கீழே இன்னொரு காரணம் இருந்தது. மிச்சமிருந்த முன்பற்களையும் எடுத்துவிட்டு, கொஞ்ச நாளுக்கு முன்னால்தான் பல்செட் வைத்திருந்தார்கள். வைத்த வாரமே விசிலை எடுத்து ஊதிப் பார்த்தார். பஞ்சரான சைக்கிள் டியூப் மாதிரி காற்று போனதே தவிர, சத்தம் வரவில்லை. பெட்டியில் போட்டு அலமாரியில் வைத்தவர், அதை யாரிடமும் சொல்லவில்லை. அண்டாவிடம் போய் இதை எப்படிச் சொல்வது?

அன்று சாயங்காலம் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு மறுபடி ஊதிப் பார்த்தார்.

"அப்பா, உள்ள குக்கர் ஏதாவது வச்சிருக்கீங்களா?" வெளியிலிருந்து மகளின் குரல்.

மகள் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவள். பக்கத்தில் இருப்பவர் எப்போது தப்பான இடத்தில் காலை வைப்பார் என்று நாள் முழுக்கக் கவனிக்கிற பெண்ணிடம் எதையும் மறைக்க முடியாது. வெளியே வந்தவர் நடந்ததைச் சொல்லவேண்டியதாகிவிட்டது.

"சரி, இப்ப உங்களுக்குப் பிரச்சினை ரூலா, பல்லா?"

"ரெண்டும்."

"அப்படின்னா ஒவ்வொண்ணா பார்ப்போம். நாளைக்குக் காலையில பல்லு."

பல் டாக்டரம்மா முதலில் புரியாமல் விழித்தார். சாப்பிட முடியவில்லை, பேச முடியவில்லை என்று வருபவர்கள் உண்டு. விசில் ஊத வரவில்லை என்று யாரும் வந்ததில்லை. பெட்டியைத் திறந்து விசிலைக் காட்டியதும் ஆர்வமாகிவிட்டார். "ஊதுங்க ஐயா, பார்க்கலாம்" என்று உதட்டுக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோனார். மேல் செட் லேசாக எழும்புகிறது, அந்த இடுக்கில் காற்று போகிறது என்றார். கழற்றி வாங்கி, உள்பக்கம் ஏதோ தடவி, கொஞ்சம் ராவி, மறுபடி மாட்டி ஊதச் சொன்னார். ஊதினார். காற்று. இன்னும் கொஞ்சம் ராவினார். காற்று. வெளியே காத்திருந்தவர்கள் பொறுமை இழந்து முணுமுணுத்தார்கள்.

அடுத்த தடவை சத்தம் வந்தது. சின்ன அறைக்குள் அது இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. வெளியே ஒரு குழந்தை வீரிட்டு அழுதது. வரவேற்பில் இருந்த பெண் "என்ன மேடம், என்ன ஆச்சு?" என்று ஓடிவந்தாள்.

"ஒண்ணுமில்ல, பல்லு சரியாயிடுச்சு" என்றார் டாக்டரம்மா. பிறகு விசிலிடம் திரும்பி, "பசை ஒண்ணு தர்றேன், அன்னைக்கு மட்டும் நிறைய போட்டுக்குங்க. நடுவுல வழுக்கினா நாக்கால மேல தள்ளிப் பிடிச்சுக்கணும். உங்க சிநேகிதருக்கு என் விசாரிப்பைச் சொல்லுங்க" என்றார்.

பல் ஒருவழியாக முடிந்தது. ரூலுக்கு ஒரே ஒருவரிடம்தான் போக முடியும். தீப்பிடித்த நாளில் அந்தக் கப்பலின் கேப்டனாக இருந்தவர், எண்பத்தைந்தைத் தாண்டி, அடுக்குமாடி வீடொன்றில் தனியாக இருந்தார். நான்கு கால் வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்து அவரே கதவைத் திறந்தார்.

"என்னய்யா விசில், பொண்ணையும் கூட்டிட்டு வந்திருக்க. யாரு போயிட்டாங்க?"

"யாரும் போகல சார். அண்டா வீட்டுக்குப் போறான்."

விஷயத்தைக் கேட்டு முடித்த கேப்டன் தலையை ஆட்டினார். "முடியாதுய்யா. சமையல்காரருக்கு ஊதினதா நான் எங்கேயும் கேள்விப்பட்டதில்ல."

"அதைத்தான் சார் நானும் அவன்கிட்ட சொன்னேன்" என்றார் விசில். ஆனால் எழுந்து கிளம்பவில்லை. மகளும் நகரவில்லை. கேப்டன் வாக்கரைத் தள்ளிக்கொண்டு ஜன்னலோரம் போனார்.

"இந்த ஊதுற வழக்கம் எதுல ஆரம்பிச்சது, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார். பாய்மரக் காலத்துல, கடல் கொந்தளிப்புல ஏணி ஏற முடியாத பெரியவங்களை நாற்காலியில உக்கார வச்சு, கயித்துல கட்டி மேல தூக்குவாங்க. இழு, நிறுத்து, மெதுவா இறக்குன்னு சொல்றதுக்கு ஊதினது."

"அப்ப அது பதவிக்கு ஊதினதில்ல. தன் காலால ஏறவோ இறங்கவோ முடியாத ஒருத்தரைப் பத்திரமா இறக்குறதுக்கு ஊதினது. பதவியெல்லாம் நாம பின்னால ஒட்டவச்சது." கேப்டன் திரும்பி வந்து எதிரில் உட்கார்ந்தார். "அன்னைக்கு அவன் இழுத்துட்டு வந்த பையனுக்கு இப்ப பேரப்பிள்ளைங்க இருக்காங்கய்யா. அண்டாவுக்கு ஒரு பதக்கம் கொடுங்கன்னு மேல கேட்டேன். சமையல்காரர் தன் இடத்தை விட்டு ஏன் அந்தப் பக்கம் போனார்னு திருப்பிக் கேட்டாங்க. அதுக்கு மேல நான் சண்டை போட்டிருக்கணும். போடல."

இதை விசில் இப்போதுதான் கேள்விப்படுகிறார்.

"வியாழக்கிழமை எத்தனை மணிக்கு?" என்று கேட்டார் கேப்டன். "ஊதுறப்ப ரெண்டு பக்கமும் வரிசையா ஆள் நிக்கணும்ல? ஒரு ஆளு நான்."

"சார், நீங்க எப்படி... உங்களுக்குத்தான் நாங்க நிக்கிறது."

"எனக்காக எத்தனை தடவை வெயில்ல நின்னிருப்பீங்க. ஒரு தடவை நான் நின்னா கால் ஒடிஞ்சிடாது." வாக்கரைப் பார்த்துச் சிரித்தார். "ஒடிஞ்சாலும் என்ன, ஆஸ்பத்திரிதானே."

வியாழக்கிழமை காலை, கூரையில் டிரைவிங் ஸ்கூல் பலகை வைத்த சின்னக் காரில், ஓட்டிய மகளுக்குப் பக்கத்தில் கேப்டன் உட்கார்ந்தார். விசிலும், பழைய மாலுமிகள் சங்கத்திலிருந்து வந்த இரண்டு பேரும் பின்னால் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். எல்லோருடைய கோட்டும் வயிற்றில் பொத்தான் போட மறுத்தது. வழியில் சிக்னலில் நின்றபோது பக்கத்து ஸ்கூட்டர்க்காரர் எட்டிப் பார்த்து, "இந்த வயசுல கார் கத்துக்கிறீங்களா?" என்று கேட்டார். "ஆமா, நீச்சல் முடிஞ்சிடுச்சு" என்றார் கேப்டன்.

ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ் கேட்டதுமே மறுத்தார். நோயாளிகள் இருக்கிற இடம், சத்தம் கூடாது. கேப்டன் வாதாடவில்லை. வாக்கரில் சாய்ந்தபடி, யாருக்காக, எதற்காக என்று மட்டும் சொன்னார். நர்ஸ் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டே கேட்டார். "வார்டுல வேண்டாம். பின்பக்கம் துணி வெளுக்கிற கட்டடத்துக்கிட்ட ஆம்புலன்ஸ் நிக்கும். அங்க ஜெனரேட்டர் ஓடுறதையே யாரும் கண்டுக்கிறதில்ல. அங்க ஊதிக்கோங்க" என்றார். கொஞ்ச நேரத்தில் அவரும் அங்கே வந்து நின்றார்.

பின்கதவு திறந்தது. சரிவுப் பாதையின் இரண்டு பக்கமும் கிழவர்கள் விறைப்பாக நின்றார்கள். ஒரு பக்கம் ஆள் குறைந்தது. மகள் தயங்காமல் அந்த இடத்தில் போய் நின்றாள். சக்கரக் கட்டிலில் அண்டா வந்தார். கழுத்து வரை போர்வை, பக்கத்தில் மருந்துப் பையோடு மனைவி. வரிசையைப் பார்த்தார். அதில் நின்ற கேப்டனைப் பார்த்தார். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"நிறுத்துப்பா, நிறுத்து" என்று தள்ளுபவரிடம் சொன்னார். கட்டில் நின்றது.

விசில் உள்ளங்கையை மூடினார். ஊதினார். தாழ்வாகத் தொடங்கிய சத்தம், கை திறக்கத் திறக்க மேலே ஏறி, அங்கேயே நின்று அதிர்ந்தது. மாடி ஜன்னல்களில் தலைகள் தெரிந்தன. கட்டிலைத் தள்ளுபவர், யாரும் சொல்லாமலே, மெதுவாக நகர்த்தத் தொடங்கினார். பாதி தூரத்தில் பல்செட் வழுக்கியது. ஒரு நொடி காற்று மட்டும் வந்தது. விசில் நாக்கால் அழுத்தித் தள்ளிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க மறுபடி பிடித்தார். கேப்டன் வாக்கரிலிருந்து வலது கையை எடுத்து நெற்றியில் வைத்து சல்யூட் அடித்தார். கட்டில் ஆம்புலன்ஸுக்குள் ஏறும்வரை கையை இறக்கவில்லை.

அண்டா அழவில்லை. சத்தம் வந்த பக்கமே முகத்தைத் திருப்பி, கண்ணை மூடிக்கொண்டு, மூச்சை ஆழமாக இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். அழுதது அவர் மனைவி. சத்தம் அடங்கியதும் விசிலின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, தூக்கத்துல எத்தனையோ தடவை பதறி எழுந்து உக்காருவாரு. என்னங்கன்னு கேட்டா, 'விசில் சத்தம் எங்கே, கேக்கலையே'ன்னு சொல்லுவாரு. எனக்கு என்ன சத்தம்னே தெரியாது. இப்பத்தான் தெரியுது."

விசில் பேச வாயெடுத்தார். செட் கழன்று கைக்கு வந்துவிட்டது. ஆம்புலன்ஸுக்குள்ளிருந்து அண்டா அதைப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். வலித்திருக்கும். ஆனாலும் சிரித்தார்.

டாக்டர் சொன்னதைவிட அதிக நாள் இருந்தார் அண்டா. மழைக்காலம் முழுக்கக் கட்டிலை அடுப்படி வாசலுக்கு நேராகப் போடச் சொல்லி, மனைவியின் சமையலுக்குக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். விசில் தினமும் போவார். ஒரு நாள், தானாகவே, இரண்டு பேரும் அந்தத் தீயைப் பற்றிப் பேசினார்கள். பின்னால் வராதவர்களை ஒவ்வொருவராக நினைத்துச் சொன்னார்கள். யார் நன்றாகப் பாடுவான், யார் சாப்பாட்டில் கல் இருக்கிறது என்று பொய்க்குப் புகார் சொல்வான் என்றெல்லாம் பேசிக்கொண்டே போனார்கள். பிறகு ஒரு காலையில், மனைவி தலையணையைச் சரிசெய்துவிட்டுத் திரும்புவதற்குள், சத்தமில்லாமல் போய்விட்டார். சங்கத்து ஆட்கள் எல்லோரும் வந்தார்கள். கேப்டனும் வந்து, கடைசி வரை இருந்தார்.

கொஞ்ச நாள் கழித்து விசிலின் மகளுடைய போனுக்கு ஓர் அழைப்பு வந்தது. யாரோ ஒரு பெண். வேறொரு கப்பலில் துணி வெளுத்தவரின் மருமகள். மாமனாருக்குப் பக்கவாதம், பேச்சில்லை, சனிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்துப் போகிறோம், கேப்டன் ஐயாதான் நம்பர் கொடுத்தார், தொந்தரவு கொடுப்பதற்கு மன்னிக்கவேண்டும் என்றாள்.

மகள் போனைக் கையால் பொத்திக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். "துணி வெளுக்கிறவராம். என்ன சொல்லட்டும்?"

விசில் எழுந்தார். அலமாரியைத் திறந்து கோட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எத்தனை மணிக்குன்னு கேளு" என்றார். "அப்புறம், இந்தப் பொத்தானைக் கொஞ்சம் தள்ளித் தைச்சுக் கொடும்மா."