அவளைக் கேட்காமல்

1

இந்தக் கதை என் கையில் ஊசி ஏறிய நேரத்தில் கிடைத்தது. பரிசோதனைக் கூடத்தில் எனக்கு ரத்தம் எடுத்தவர் என் பக்கத்து வீட்டுக்காரர். குத்தியதே தெரியாமல் எடுப்பார் என்பதால் வருகிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'வலிக்காத அக்கா'. அன்றைக்கு வலித்தது.

"மன்னிச்சுக்குங்க, கை இன்னிக்கு என் பேச்சக் கேக்கல" என்றவர், குழாய் நிரம்புவதற்குள் பொரிந்து தள்ளிவிட்டார். வீட்டுக்கு வந்து, கையில் ஒட்டிய பஞ்சைக்கூடப் பிய்க்காமல் எழுத உட்கார்ந்தேன். அவ்வளவு ஆத்திரம். (நல்ல கதை சிக்கிய குஷியும் அதில் கலந்திருந்ததா என்று கேட்காதீர்கள்.)

2

முதல் தொடக்கம்: 'பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி சமையலறைத் தரையில் உட்கார்ந்து, அழுதுகொண்டே தன் அம்மாவிடம்...'

வேண்டாம். இந்த வாக்கியத்தை முடித்தால் நீங்களும் அந்தக் காணொளியைப் பார்த்தவர் ஆகிவிடுவீர்கள்.

இரண்டாவது தொடக்கம். வலிக்காத அக்கா ஒருவரின் முழங்கைக்கு மேல் ரப்பர் பட்டையைக் கட்டி, வழக்கம்போல, "அவ்வளவுதான், அவ்வளவுதான், முடிஞ்சுது" என்றார். அந்த மனிதர் நிமிர்ந்து பார்த்தார்.

"அட, இந்தக் குரல்! அழுகுணிப் பாப்பா வீடியோல பேசுறது நீங்கதானே?"

"எந்த வீடியோ?"

ஊசி ஏறாத கையால் அவர் போனை நீட்டினார். அழுகிற பெண்ணின் தலையில் யாரோ பூனைக் காது ஒட்டியிருந்தார்கள். பின்னால் டொய்ங் டொய்ங் என்று இசை.

"எங்க வீட்ல எல்லாத்துக்கும் இதத்தான் அனுப்புவோம். கரண்ட் போனாக்கூட உங்க பொண்ணு அழுவா!"

இந்த இடத்தில் ஊசியை நழுவவிட வைத்தால் காட்சி எடுப்பாக இருக்கும். ஆனால் அவர் நழுவவிடவில்லை. ரத்தம் எடுத்தார், குழாயில் சீட்டு ஒட்டினார், "அழுத்திப் பிடிச்சுக்குங்க" என்று பஞ்சு வைத்தார். பிறகு கழிவறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டார்.

3

காணொளியை எடுத்தது அக்காவேதான். கோபத்தில் மகள் அழுதது அவருக்கு அன்றைக்கு வேடிக்கையாகப் பட்டிருக்கிறது. குடும்பக் குழுவில் போட்டார். 'நம்ம ஆளுங்கதானே' என்ற நினைப்பு. அந்த நம்ம ஆட்களில் ஒருவன் அவருடைய தம்பி. கார் விற்கும் கடையில் வேலை, மிச்ச நேரத்தில் நகைச்சுவைப் பக்கம் நடத்துகிறவன். காதும் இசையும் அவன் கைங்கரியம்.

அக்கா கழிவறையிலிருந்தே அவனை அழைத்தார்.

"சும்மா ஜாலிக்குப் போட்டதுக்கா. எல்லாரும் என்னமா ரசிக்கிறாங்க தெரியுமா?"

"எடுடா அத."

"சரி, எடுத்துடுறேன். ஆனா ஆளாளுக்கு இறக்கி வச்சிருக்காங்களே, அதுக்கு நான் என்ன பண்றது?"

மற்றவர்கள் போட்டவற்றைப் பற்றி, காணொளி ஓடும் தளத்தை நடத்தும் நிறுவனத்துக்கு அக்கா புகார் எழுதினார். பதில் உடனே வந்தது: 'இப்பதிவு எங்கள் சமூக விதிகளை மீறவில்லை.'*

* யாருடைய சமூகம் ஐயா அது? ஒரு குழந்தையின் அழுகைக்கு முன்னால் ஷாம்பு விளம்பரம், பின்னால் செருப்பு விளம்பரம். அதையும் விற்றுக் காசாக்கிவிட்டு, ஒரு தாய்க்கு இயந்திரத்தை விட்டுப் பதில் அனுப்புகிற கூட்டத்துக்குச் சமூகம் என்று பெயர். வெட்கமே கிடையாதா?

4

சாயங்காலம் மகள் வரைபடத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியுமாடி?"

"எப்பவோ தெரியும்." கடலுக்கு நீலம் பூசுவதை அவள் நிறுத்தவில்லை. "கிளாஸ் குரூப்ல தினமும் வரும். இப்பல்லாம் நான் லைப்ரரிலதான் சாப்பிடுறேன்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"அன்னிக்கு உன்கிட்ட சொல்லித்தானேம்மா அழுதேன். நீ போன எடுத்த."

இதை எனக்குச் சொல்லி முடித்த பிறகுதான் வலிக்காத அக்கா என் கையிலிருந்து ஊசியை உருவினார்.

[தம்பியை முதல் வரைவில் அரக்கனாக எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அந்தப் பெண்ணுக்குச் சைக்கிள் பழக்கியவன் அவன். அவள் என்றால் உயிர். வில்லன் ஒருவன் அகப்பட்டால் நமக்கெல்லாம் சௌகரியம், அவனைத் திட்டிவிட்டுப் போனைத் தடவப் போய்விடலாம்.]

5

மிச்சத்தை அக்கா பிறகு வந்து சொன்னார்: ஞாயிற்றுக்கிழமை தம்பி சாக்லேட்டோடு வந்தான். "மாமா செஞ்சது தப்புதான். சாரிடா கண்ணு" என்றான். உண்மையான வருத்தம்தான், கண்கூடக் கலங்கியது. அவளும் சிரித்துவிட்டாள். உடனே என்ன செய்தான் தெரியுமா? அவள் தோளில் கை போட்டு, மறு கையால் போனைத் தூக்கினான். "மாமாவும் மருமகளும் ராசி! எங்க, கேமராவப் பாரு..."

அவள் உள்ளங்கையால் கேமராவைப் பொத்தினாள்.

"ஏய், ஒரே ஒரு போட்டோடா. என்ன ஆயிடப் போகுது?"

அக்கா எழுந்தார். "அவ வேணாம்னு கைய வச்சிருக்கா. உனக்குக் கண்ணு தெரியலையா?"

"நான் என்ன வேணும்னா..."

"எடுக்கட்டுமான்னு கேளுடா! நானும் கேக்கல, நீயும் கேக்கல. ஊர்ல எவனுமே கேக்கல."

அவன் அக்காவைப் பார்த்தான், மருமகளைப் பார்த்தான். "எடுக்கட்டுமா?" என்று கேட்டான்.

"வேணாம் மாமா."

போன் சட்டைப்பைக்குள் போயிற்று. அதன் பிறகு அந்த வீட்டில் கேட்காமல் யாரும் போனைத் தூக்குவதில்லை. அக்கா கேட்கும்போதெல்லாம் அவள் 'வேணாம்' என்றே சொல்கிறாள். அக்காவும் பொறுத்துக்கொள்கிறார்.

6

எழுதி முடித்த திருப்தியில் இருந்தபோது அழைப்பு மணி அடித்தது. வாசலில் அவள்.

"ஆன்ட்டி, என்னப் பத்தி எழுதுறீங்களாமே. அம்மா சொன்னாங்க."

"பேர் போடலம்மா. ஊர்கூடப் போடல."

"அழுதது நான்தானே?"

தாள்களைக் கொடுத்தேன். பென்சிலும் கேட்டு வாங்கிக்கொண்டாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அவள் எதற்காக அழுதாள் என்று எழுதியிருந்த பத்தியை முழுக்க அடித்தாள். ஷாம்பு, செருப்பு பற்றிய குறிப்பின் ஓரத்தில் மட்டும் 'இன்னும் திட்டலாம்' என்று எழுதினாள்.

முடிவுகள் இரண்டு வைத்திருந்தேன். ஒன்றில் அவள் பள்ளி மேடையில் பேச, எல்லோரும் எழுந்து நின்று கை தட்டுவார்கள். இன்னொன்றில் அக்கா போனைத் தரையில் அடித்து நொறுக்குவார்.

"ரெண்டுமே நடக்கலயே ஆன்ட்டி."

"அப்ப எப்படித்தான் முடிக்கிறது?"

"இன்னும் முடியலயே. அந்த வீடியோ சுத்திக்கிட்டேதான் இருக்கு." பென்சிலை நீட்டினாள். "இனிமே யார் கைக்கு வருதோ, அவங்களக் கேளுங்க."

போய்விட்டாள். ஆகவே உங்களைக் கேட்கிறேன். அது ஒருநாள் உங்கள் போனுக்கும் வரும், வேண்டியவர் யாராவது சிரித்துக்கொண்டே அனுப்புவார். இவள்தானா அவள், எதற்கு அழுகிறாள் என்று பார்க்க விரல் துடிக்கும். அப்போது என்ன செய்வீர்கள்? அதற்கு மேல் எழுத எனக்கு அனுமதி இல்லை.