சோப்பு ஊற்றிய தேன்

நிருபன் அனுப்பிய அழைப்பிதழில் லோகேஸ்வரியின் பெயர் இல்லை. ‘எங்கள் தேனீ அக்கா’ என்று மட்டும் இருந்தது. சனிக்கிழமை மாலை நாலு மணிக்குத் தேனீக்களுக்கு விடைகொடுக்கும் விழாவாம். வருகிறவர்கள் வெள்ளை உடையில் வரவேண்டுமாம்.

பட்டர்வொர்த்தில், மாக் மண்டின் வட்டாரத்துத் தொழிற்சாலையின் கேன்டீனில் உட்கார்ந்து அதை இரண்டு தடவை படித்துவிட்டு, லோகேஸ்வரி போனைக் கவிழ்த்து வைத்தாள். வாரநாளில் அவளுக்குப் பிளாஸ்டிக் மூடிகளில் விரிசல் பார்க்கும் வேலை. சனி, ஞாயிறில் பழைய கட்டடங்களில் கூடு கட்டிய தேனீக்களைக் கொல்லாமல் எடுத்து வேறு இடத்தில் குடிவைப்பாள். பதினோரு வருஷத்தில் கோயில் மடப்பள்ளியிலும் எடுத்திருக்கிறாள், பள்ளிவாசல் கூரையிலும் எடுத்திருக்கிறாள். அங்கெல்லாம் யாரும் விழா வைக்கவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, தூரமாக நின்று பார்த்தார்கள். அதுதான் மரியாதை.

நிருபன் தீவில், கேம்பல் ஸ்ட்ரீட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் பழைய கடைவீட்டை வாங்கி ஹோட்டலாக்கியவன். பழைய சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்த இடங்களை அப்படியே விட்டிருந்தான். புதிதாகக் கட்டிய சுவரிலும் ஆள் வைத்து உதிர்த்திருந்தான். அவன் தாத்தாவும் அப்பாவும் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து அரசாங்க உத்தியோகம் பார்த்த யாழ்ப்பாணத்துக்காரர்கள் என்பதை, கூட்டைப் பார்க்க அவள் போன அரை மணி நேரத்தில் நாலு தடவை சொன்னான். அவள் அப்பா எங்கே வேலை பார்த்தார் என்று ஒரு தடவை கேட்டான். “எஸ்டேட்டா? நைஸ்,” என்றான்.

கூடு மாடியில், தரைப்பலகைக்கும் கீழ்க்கூரைக்கும் நடுவில் இருந்தது. ஜன்னலோரத்து விரிசல் வழியாகத் தேனீக்கள் போய்வந்துகொண்டிருந்தன.

“நான் வர்ற வரைக்கும் யாரும் கிட்டப் போகக்கூடாது. முக்கியமா ஸ்ப்ரே அடிக்கக்கூடாது. அடிச்சா தேனீயும் போச்சு, தேனும் விஷம்.”

“நோ வொரி லா, அக்கா,” என்றான் நிருபன், போனைப் பார்த்தபடியே.

சனிக்கிழமை முப்பது பேர் வெள்ளை உடுத்தி வந்திருந்தார்கள். தேனீ வலை மாட்டிய தொப்பியை வாடகைக்கு எடுத்து, உள்ளே உதட்டுச்சாயம் கலையாமல் நின்றாள் ஒருத்தி. எல்லார் கையிலும் எலுமிச்சைத் துண்டு மிதக்கும் கிளாஸ். வரவேற்பில் வேலை பார்க்கும் மிதுஷா என்ற பெண் வந்து லோகேஸ்வரியின் காலரில் சின்ன மைக் ஒன்றைக் குத்தினாள். அவள் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

நிருபன் பேசினான். தேனீ இல்லாவிட்டால் மனிதன் இல்லை என்றான். இந்தக் கட்டடத்தின் உண்மையான சொந்தக்காரர்கள் தேனீக்கள்தான் என்றான். அப்படியானால் யார் காலி செய்யவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கைதட்டினார்கள்.

லோகேஸ்வரி மாடிக்குப் போய், தேங்காய் நாரைப் பற்றவைத்துப் புகைபோட்டு, முதல் பலகையை நெம்பினாள். தேன் வாசனைக்கு முன்னால் இன்னொரு வாசனை வந்தது. எலுமிச்சையும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி. விரிசலை ஒட்டி, ஒரு படி அரிசி அளவுக்குத் தேனீக்கள் செத்துக் குவிந்திருந்தன. ஒவ்வொன்றும் நாக்கை வெளியே நீட்டியிருந்தது.

டார்ச் பிடித்துக்கொண்டிருந்த மிதுஷாவைத் திரும்பிப் பார்த்தாள்.

“யாரு ஸ்ப்ரே அடிச்சது?”

மிதுஷா கிசுகிசுத்தாள். “நேத்து ஒரு கெஸ்டைக் கொட்டிருச்சு, அக்கா. போஸ்தான் அடிக்கச் சொன்னாரு. கொஞ்சமா லா அடிச்சேன்.”

காலரில் மைக் இருந்ததை இருவரும் மறந்துவிட்டார்கள். அந்தக் கிசுகிசுப்பு கீழே கூடத்திலிருந்த இரண்டு ஸ்பீக்கர்களிலும் தெளிவாகக் கேட்டது. தமிழ் தெரியாதவர்கள் ஏதோ மந்திரம் கேட்பதுபோலத் தலையாட்டினார்கள். தமிழ் தெரிந்த ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஒருவர் கூரையைப் பார்த்தார். ஒருவர் கிளாஸிலிருந்த எலுமிச்சையை விரலால் அமுக்கினார். மற்றவர்கள் போனை எடுத்துக்கொண்டார்கள். நிருபன் சிரித்த முகத்தை மாற்றவே இல்லை.

எழுந்து போய்விடலாம் என்று லோகேஸ்வரிக்குத் தோன்றியது. ஆனால் அடுத்த பலகைக்கு அடியில் பாதிக் கூட்டம் உயிரோடு இருந்தது. அந்த முப்பது பேருக்காகவும் இல்லை, அந்த மூஞ்சிக்காகவும் இல்லை என்று சொல்லிக்கொண்டு குனிந்தாள்.

மொத்தம் எட்டு அடை. விரிசலுக்குப் பக்கத்திலிருந்த மூன்றும் வீண். கடைசி இரண்டு தேனடை. நடுவிலிருந்த மூன்றில் புழுக்கள் இருந்தன. அவற்றை மட்டும் கத்தியால் அறுத்து, மரச்சட்டத்தில் பொருத்தி, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினாள். ஐந்தாவது அடையின் அடியில் ராணியைக் கண்டாள். சோர்ந்து, ஆனால் நடந்துகொண்டிருந்தது. அதைச் சின்னக் கூண்டில் பிடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் தேனீக்கள் பெட்டி வாசலில் வந்து நின்று, பின்பக்கத்தைத் தூக்கிச் சிறகடித்து மற்றவற்றைக் கூப்பிட ஆரம்பித்தன. அப்போதுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

மைக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு, எறிவதற்காக ஒதுக்கிய தேனடையைத் திரும்பிப் பார்த்தால், காணோம்.

கீழே நிருபன் அதைத் துண்டு துண்டாக வெட்டிப் பீங்கான் தட்டுகளில் பல்குச்சி குத்தி நீட்டிக்கொண்டிருந்தான். லினன் சட்டைக்காரர் ஒருவர் ஒரு துண்டை வாய்வரைக்கும் கொண்டுபோயிருந்தார்.

“சாப்பிடாதீங்க!” என்று படியிலிருந்தே கத்தினாள். “ஸ்ப்ரே அடிச்ச கூட்டுத் தேன். விஷம்.”

மலாயிலும் ஒரு தடவை சொன்னாள். லினன் சட்டைக்காரர் நிருபனைப் பார்த்தார். நிருபன் இடதுகையை வீசினான்.

“சும்மா லா, அக்கா. அது அந்தப் பக்கம் அடிச்சது. இது இந்தப் பக்கத் தேன்.”

லோகேஸ்வரி சமையலறைக்குள் போனாள். பாத்திரம் கழுவும் பச்சை சோப்பு பாட்டிலை எடுத்து வந்து, ஒவ்வொரு தட்டிலும் ஊற்றினாள். நிதானமாக, ஒரு துண்டையும் விடாமல். கடைசியில் லினன் சட்டைக்காரர் கையிலிருந்ததையும் வாங்கித் தட்டில் போட்டு அதன்மேலும் ஊற்றினாள்.

நிருபன் அவள் பக்கத்தில் வந்து மெல்லிய குரலில் சொன்னான்:

“உங்களுக்கு ஒரு நல்ல பேர் கிடைக்கட்டுமேன்னுதான் கூப்பிட்டேன்.”

“அழைப்பிதழ்ல போடாத பேரா? வேணாம். உங்களுக்குக் கூச்சம்னு ஒண்ணு இருக்கா, நிருபன்? தலைக்கு மேல நாலாயிரம் உயிர் செத்துக் கிடக்குது, அந்தக் கூட்டுத் தேனைத் தட்டுல வெச்சு நீட்டுறீங்க.”

அவன் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினான். அழகான ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தான். இடம்பெயரும் கூட்டத்தின் தேனை மனிதர் உண்ணக்கூடாது என்பது பழந்தமிழர் சடங்காம். அதைத் தூய்மைப்படுத்தித் திருப்பித் தருகிறார்களாம். நாம் பார்த்தது மிக அபூர்வமான காட்சியாம்.

முப்பது பேரும் கைதட்டினார்கள். தமிழ் தெரிந்த ஏழெட்டுப் பேரும் சேர்த்துத்தான். வலைத்தொப்பிக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

லோகேஸ்வரி சோப்பு பாட்டிலும் கையுமாக நின்றாள். திட்டினால் அதையும் சடங்கு என்பார்கள். மாடிக்குப் போய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வெளியே போன தேனீக்கள் திரும்பிவரக் காத்திருந்தாள். பொழுது மங்கியதும் பெட்டி வாசலை வலையால் மூடி, தன் காடியின் பின்சீட்டில் ஏற்றினாள். மிதுஷா ஹோட்டல் வாசலில் நின்றாள். “ஸாரி, அக்கா,” என்றாள். லோகேஸ்வரி காடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். சம்பளத்துக்காகச் செய்ததை மன்னிக்க முடியும். ‘கொஞ்சமா’ என்றதைத்தான் முடியவில்லை.

பாலத்தைத் தாண்டி நிபோங் திபாலில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய சின்னையா சித்தப்பா வீட்டுக் கொல்லையில் பெட்டியை வைத்தாள். முதல் வாரம் தினமும் செத்த தேனீக்களைக் கூட்டித் தள்ளவேண்டியிருந்தது. வேலை முடிந்து பட்டர்வொர்த்திலிருந்து நேராக அங்கே போய்ச் சீனித்தண்ணீர் வைத்தாள். பத்தாவது நாள் சாவு நின்றது. ஐந்தாவது வாரம் புது அடை ஒன்று, உள்ளங்கையளவு, வெள்ளையாக இறங்கியிருந்தது.

அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நிருபன் கூப்பிட்டான்.

“அக்கா, நம்ம வீடியோ நல்லாப் போயிருக்கு! ஒரு டிவிக்காரங்க வர்றாங்க. தேனீங்க புது வீட்டுல ஹேப்பியா இருக்கிறதை எடுக்கணுமாம். எங்க வெச்சிருக்கீங்க?”

“செத்துப்போச்சு,” என்றாள் லோகேஸ்வரி.

பக்கத்தில் நின்ற சின்னையா திடுக்கிட்டுப் பெட்டியைப் பார்த்தார்.

“ஐயோ. எல்லாமேவா?”

“எல்லாமே.”

ஒருவேளை வருத்தப்படுகிறானோ என்று அவள் ஒரு நொடி காத்திருந்தாள்.

“சரி, வேற பெட்டி ஏதாச்சும் இருக்குமில்ல? கேமராவுல எல்லாம் ஒண்ணுதானே, அக்கா.”

அழைப்பைத் துண்டித்து அவன் எண்ணைத் தடுத்து வைத்தாள். அவன் மேல் அவளுக்குப் புதிதாகக் கோபம் வரவில்லை. அந்த ஒரு நொடி காத்திருந்தாளே, அதற்காகத் தன்னைத்தான் நொந்துகொண்டாள். பிறகு பெட்டி மூடியைச் சாத்தி, காற்றுக்குப் பறக்காமல் மேலே ஒரு செங்கல்லை வைத்தாள்.